ரோட்டுக் கணக்கில் அறுபது கிலோமீட்டர்

ஆடல் பாடல் குழு ஆரம்பிக்கப் போகிறோம் என்று என்னைத் தேடி வரும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாட்டைப் போட்டால் கூட்டம் எழுந்து ஆடும்? அதை நீங்களே மூன்று ஊரில் கற்றுக்கொள்வீர்கள். மேடை கட்டுவது, காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவது, சினிமா நட்சத்திரங்களின் சாயலில் வேஷம் கட்டும் டூப் ஆட்களைப் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் சொல்லித்தர ஆள் உண்டு. அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி உட்கார்ந்திருக்கும் இந்தப் பழைய மைக் ஆசாமியிடம் அதற்காக வந்தால் உங்கள் ரயில் டிக்கெட்தான் தண்டம். நான் எங்கே சறுக்கினேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

நம் தொழிலைப் பற்றி நமக்குள் எதற்கு ஒளிவு மறைவு? எட்டு மணி வரை குடும்பப் பாட்டு. பெண்களும் பிள்ளைகளும் எழுந்து போனபிறகு வேறு பாட்டு, வேறு உடுப்பு, வேறு அசைவு. திருவிழாவுக்கு நம்மைக் கூப்பிடுவது அந்த இரண்டாவது பாதிக்காகத்தான். ஆபாசம் இருக்காது என்று அனுமதிக் கடிதத்தில் நாமும் கையெழுத்துப் போடுவோம், ஊர்க்காரர்களும் போடுவார்கள். போட்ட மை காய்வதற்குள், "கொஞ்சம் சூடா இருக்கட்டும் மாஸ்டர்" என்று தோளைத் தட்டுவார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மைக் பிடித்த புதிதில் ஒரு பெண் மேடையில் வழுக்கி விழுந்தாள். நான் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். கூட்டம் கூரை பிய்ந்து போகும்படி சிரித்தது. அன்று முழுக்க அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அந்தப் பெண் என் முகத்தையே பார்க்கவில்லை. எங்கள் குழுவில் மேக்கப் போடும் அக்கா ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் ஆடியவர். பெயர் சொன்னால் அவருடைய மருமகன்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவ ஆடுறது பத்து நிமிசத்துல முடிஞ்சிடும் தம்பி. நீ பேசறது அவ பின்னாலயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவுது."

எங்கள் குழுவின் ஐம்பது கிலோமீட்டர் சட்டமும் அந்த அக்கா போட்டதுதான். ஆடுகிற பெண்ணின் ஊருக்கும் மேடைக்கும் நடுவில் குறைந்தது ஐம்பது கிலோமீட்டர் இருக்க வேண்டும். பெண்கள் வீட்டில் ஒன்று சொல்லிவிட்டு இங்கே வருகிறார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது குழு நடத்துகிறவனின் வேலை. நான் குழுவை எடுத்து நடத்தத் தொடங்கியபிறகு இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. மீறாமலேயே ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவளைப் பவானி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது இருக்கும். எங்கள் குழுவிலேயே நன்றாக ஆடுகிறவள், வாய்த்துடுக்குக்காரி, டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவள். புருஷன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. ஒன்பது வயது மகள் கீர்த்தனா மாமியாரிடம் வளர்ந்தாள். மாமியார் மீன் கூடை சுமக்கிறவர். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, ஆந்திர எல்லையில், பழவேற்காட்டு ஏரியின் வடகரையில் இருந்தது அவர்கள் குப்பம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை என்று பவானி அங்கே சொல்லியிருந்தாள். மாதம் இரண்டு முறை போய் மகளோடு இருந்துவிட்டு வருவாள். உண்மை தெரிந்தால் ஊர்க்கூட்டம் அவளைக் குப்பத்துக்குள் விடாது, பிள்ளையையும் கண்ணில் காட்டாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு மாசி மாதம் தோணிரேவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் அம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் போனை எடுத்து வழி பார்த்தேன். பவானியின் மாமியார் ஊரிலிருந்து எளாவூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு என்று சுற்றி வந்தால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. பஸ்ஸில் வந்தால் மூன்று வண்டி மாற வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டேன். விளம்பர பேனரில் பவானியின் படத்தையும் போடச் சொல்லி அனுப்பினேன். இரண்டையும் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வேன் பொன்னேரியில் கிழக்கே திரும்பியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "எந்தக் குப்பம்ணா?" என்றாள். சொன்னேன். "அது ஏரிப் பக்கம் ஆச்சேண்ணா" என்று இழுத்தாள். "அறுபது கிலோமீட்டர் இருக்கு, கம்முனு வா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்த்துக்கொள்ளுங்கள், அவள் வாயைத் திறந்தாள், நான்தான் காதைத் திறக்கவில்லை.

எங்களுக்கு உடை மாற்றப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியைக் கொடுத்திருந்தார்கள். மாலை நாலு மணி. பெண்கள் உடுப்புகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. குப்பத்துத் தலைவர், தங்கமான மனிதர், எனக்கு இளநீர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "சீர் வருது மாஸ்டர். கடலாடப் போறதுக்கு முன்ன அம்மனுக்குப் புடவை எடுத்தாருவாங்க. ஏரிக்கரைக் குப்பங்களுக்குள்ள முறை வச்சினு கீறோம். வருசத்துக்கு ஒரு குப்பம். இந்த வாட்டி வடகரை முறை."

"வடகரைன்னா எவ்வளவு தூரம்?" என்றேன்.

"இன்னா தூரம், இன்ஜின் போட்டுல ஒரு மணி நேரம்!" என்று சிரித்தார். "ரோட்டுல எவன் சுத்தினு வருவான்?"

ஏரியில் ஐந்து போட்டுகள், இன்ஜின் வைத்த படகுகள், வந்துகொண்டிருந்தன. முதல் போட்டில் மேளக்காரர்கள். இரண்டாவதில் பெண்களும் பிள்ளைகளும், நடுவில் புடவைத் தட்டு. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பவானி கையை நீட்டினாள். தட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் புடவையில் ஒரு அம்மாள், அவர் மடியில் சாய்ந்தபடி இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. ஏரியில் வாழ்கிறவர்களுக்கு ஏரிதான் ரோடு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஐம்பத்தைந்து வயதில் தெரிந்தது.

நான் உடனே முதலாளி ஆகிவிட்டேன். "நீ போய் வேனில் படுத்துக்கொள். காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன். முக்கியமாக, இறங்குகிற இடத்தில் இருக்கும் பேனரை அவிழ்க்க வேண்டும்" என்று மளமளவென்று உத்தரவு போட்டேன். போட்டு வந்து நிற்கும் இடத்துக்கு நேரே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில், ஆள் உயரத்துக்குப் பவானி சிரித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நானே கம்பத்தில் ஏறப் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழே நின்ற இளவட்டங்கள், "இன்னா மாஸ்டர், ரிகர்சலா?" என்று கைதட்டினார்கள். அவிழ்க்க ஒருத்தனும் உதவவில்லை. அவர்களுக்கு அது இரண்டு நாளாகக் காத்திருக்கும் முகம்.

பவானி என் பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஊரு புடிக்க சொல்ல என்னைக் கேட்டீங்களா? படம் போட சொல்ல கேட்டீங்களா? இப்போ ஒளிய வைக்கறதும் கேக்காமலே பண்றீங்க. இறங்குங்கண்ணா, வுழுந்து கிழுந்து வைக்கப் போறீங்க."

"உன் நல்லதுக்குத்தானே..."

"என் நல்லது எதுனு எனக்குத் தெரியாதா? அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மூஞ்சி தெரியும். என் பொண்ணுக்குப் படிக்கவும் தெரியும். நான் ஒளிஞ்சிக்கினா, பேனரைப் பாத்துட்டு அவங்களா ஒண்ணு நெனைச்சிப்பாங்க. நானே சொல்றேன்."

அவள் முகத்தில் பாதி மேக்கப் இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். நேராக நடந்து போய், அந்தப் பேனருக்கு அடியிலேயே நின்றுகொண்டாள். என் தொழில் வாழ்க்கையில் ஆயிரம் பேர் கூட்டத்தைச் சமாளித்திருக்கிறேன். அந்த இருபதடி தூரத்தை அவளோடு சேர்ந்து நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பின்னாலேயே நின்றேன்.

போட்டு கரை ஒதுங்கியது. சிறுமிதான் முதலில் பார்த்தாள். "அம்மா!" என்று முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு மேலே பார்த்தாள். "அம்மா, உன்ன மாதிரியே கீது."

மாமியாரும் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். பக்கத்துப் பெண்ணிடம், "புள்ளைய அம்மன் கிட்ட கூட்டினு போ, நான் வரேன்" என்று கீர்த்தனாவை அனுப்பினார். அவள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது நான்தான் அத்தை," என்றாள் பவானி. "கம்பெனி கிம்பெனி ஒண்ணும் கிடையாது. இதான் வேலை."

"எத்தினி வருசமா?"

"நாலு."

"துணி அவுத்துனு ஆடுவியா?"

"இல்ல. ஆனா அசிங்கமா ஆட சொல்லுவாங்க. கொஞ்சம் ஆடுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் அழவில்லை, கத்தவில்லை. என் பக்கம் திரும்பினார். வெற்றிலைக் காவி ஏறிய வாயோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் கூட்டினு வந்தவனா நைனா? உனக்குப் பொண்ணு கீதா?"

"இருக்கும்மா. ஒன்னு."

"அதை ஆட வுடுவியா?"

முப்பது வருஷம் மைக்கில் பேசியவன். எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி வைத்திருப்பவன். கலை என்று சொல்லலாம், வயிற்றுப்பாடு என்று சொல்லலாம், அவளாகத்தான் வந்தாள் என்று சொல்லலாம். எல்லாமே நுனிநாக்கில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைத்தான் சொன்னேன்.

"வுட மாட்டேம்மா."

"அப்போ இவ யாரு பொண்ணு?"

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. குழுவில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் நான் அப்பா மாதிரி, அண்ணன் மாதிரி என்று மேடையில் பேசி வந்தவன் நான். சோறு போட்டேன், பத்திரமாகக் கொண்டுபோய் விட்டேன், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த அம்மாள் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான் மறக்கவே விரும்பவில்லை.

பிறகு அவர் மருமகளிடம் கேட்டார்: "இன்னிக்கு ஆடலேனா இன்னா ஆவும்?"

பவானி யோசித்தாள். "எனக்கு ஒண்ணும் ஆவாது. மத்த நாலு பொண்ணுங்களையும் கல்லால அடிப்பானுங்க. எல்லாம் குடிச்சிட்டு கீறானுங்க."

நான் அப்போதுதான் வாயைத் திறந்து, நாலு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "பவானி, நீ சொல்லு. வேன் எடுக்கச் சொன்னால் எல்லாரையும் ஏத்திக்கிட்டு இப்பவே கிளம்பிடறேன். தலைவர் காலில் விழுவது என் பாடு."

அவள் மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆடறேன்," என்றாள். "எட்டு மணி வரைக்கும் பாடற பாட்டுங்களுக்குத்தான். அதுக்கப்புறம் வர்ற பாட்டு, எனக்கு மட்டும் இல்ல, எவளுக்கும் வேணாம். செல்லுல படம் புடிச்சா மியூசிக்க நிறுத்திடணும். நீங்க மைக்குல எங்க உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இத்தனையும் தலைவர் கிட்ட நீங்கதான் சொல்லணும்."

போய்ச் சொன்னேன். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பசங்க என்னைக் கிழிச்சுடுவானுங்க மாஸ்டர், பேஜாரா பூடும்" என்றார். "அனுமதிக் கடிதத்தில் நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டதைத்தான் செய்யப் போகிறோம்" என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் காகிதத்தை யாரும் அதுவரை உண்மையாக எடுத்துக்கொண்டதில்லை.

சீர் கொடுத்து முடிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, பெண்களும் பிள்ளைகளும் வடகரைக்குத் திரும்பினார்கள். ஆண்களின் போட்டு மட்டும் ஆட்டம் பார்க்க நின்றது. வழக்கம் அதுதான். கீர்த்தனாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போட்டில் ஏற்றிவிட்டார் மாமியார். அவர் ஏறவில்லை. "நீ வரலையா ஆயா?" என்று பிள்ளை கேட்டதற்கு, "எனக்கு இங்க வேலை கீது, நீ போய்ச் சாப்புட்டுத் தூங்கு" என்றார். பவானி கரையில் நின்று, போட்டு சின்னதாகும்வரை கையாட்டினாள். அப்போதுதான் அழுதாள். மாமியார் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் நின்றார்.

நான் அவருக்கு மேடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மீன் விற்கும் அலுமினிய அன்னக்கூடை ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கினார். மேடைக்கு நேர் முன்னால், நட்டநடுவில், அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து.

மியூசிக் ஆரம்பித்தது. பவானி வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் முன்வரிசை எழுந்து மேடையை நெருங்கும். அன்றைக்கு எழுந்தவர்கள் அந்த அம்மாளின் பார்வைக்கு வந்ததும் பாதியில் உட்கார்ந்தார்கள். செல்போனைத் தூக்கியவன் ஒருவனை, "யாரு, கோடி வூட்டு மாரி மவனா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். போன் பைக்குள் போய்விட்டது. வடகரையிலிருந்து வந்த ஆண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள். நான் ஒரு தடவைகூட மியூசிக்கை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் பவுன்சர்களை வைத்துச் செய்ய முடியாததை ஓர் அன்னக்கூடை செய்தது.

பின்னால் இருந்து ஊளையிட்டார்கள், நாற்காலி ஒன்று பறந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒன்பதரைக்கு முடித்துவிட்டோம். அடுத்த வருஷம் அந்தக் குப்பத்தில் எங்களைக் கூப்பிடவும் இல்லை. போகட்டும்.

அதன்பிறகு என் குழுவில் கிலோமீட்டர் சட்டத்தை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு ஊரையும் முதலில் பெண்களிடம் சொல்வேன். அந்த ஊரில் யாருக்கு யார் இருக்கிறார்கள், எந்த வழியாக வருவார்கள், என்ன பாட்டு வேண்டாம், படம் போடலாமா என்று கேட்பேன். ஒருத்தி வேண்டாம் என்றால் காரணம் கேட்க மாட்டேன். இதனால் பல ஊர்கள் கைநழுவிப் போயின. இவ்வளவு செய்தாலும் நம் தொழில் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் செய்த பாவம் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மாள் எங்கள் வேனில் வர மறுத்துவிட்டார். ஊர் ஆண்களோடு அதே போட்டில்தான் திரும்பினார். ஒரு மணி நேரப் பயணம் முழுக்க ஆண்கள் ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தார்களாம். நாலு நாள் கழித்து அவர்கள் குப்பத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பவானியை ஊருக்குள் விடலாமா, பிள்ளையை அவளிடம் காட்டலாமா என்பதுதான் பேச்சு. பவானியும் போய் ஓரமாக நின்றிருக்கிறாள். நடந்ததை அவளே எனக்குப் போனில் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவள் குரல்.

ஒருவன் எழுந்து, "அவ மேடையில ஆடினதை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றானாம்.

மாமியார் உட்கார்ந்த இடத்தில் இருந்தே சொன்னாராம்: "நானும் அங்கதான் குந்தினு இருந்தேன். அவ ஆடினதை நான் பாக்கல. எவன் எவன் வாயைப் பொளந்துனு பாத்தான்னு ரெண்டு மணி நேரம் பாத்துனு இருந்தேன். முன்வரிசையில இருந்து ஒவ்வொரு பேரா சொல்றேன். உங்க பொண்டாட்டிங்களையும் கூப்புடுங்க."

பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏரி முகத்துவாரம் மண் மூடிவருவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம்.